பார்சலும் சஹனும்: முஸ்லிம் ஹோட்டல்கள் சொல்லும் வரலாறு

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் எங்கட ஊரில் புதிதாகத் திறந்த ஒரு உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மேலே குளிரூட்டிய மண்டபம், ஒரு பக்கத்தில் குடும்பங்களுக்கென்று மறைப்பு வைத்த அறைகள். பரிமாற வந்த பிள்ளை உணவுப் பட்டியலை நீட்டியதும் என் இளைய மகள் அதை வாங்கி உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டாள். மந்தி, சவர்மா, நாசி கொரேங், சீஸ் கொத்து, டொல்பின் கொத்து, புரியாணி, பராட்டா, வட்டிலப்பம், பலூதா. கடைசி வரியில் "சஹன் - 6 பேருக்கு" என்றிருந்தது. அவள் நிமிர்ந்து, "உம்மா, சஹனையும் கடையில விக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தமிழ் படித்து, தமிழ் கற்பிக்கிற எனக்கு ஒரு கல்வெட்டையோ ஓலைச்சுவடியையோ வரலாற்றுச் சான்றாகப் பார்க்கப் பழக்கமுண்டு. ஹோட்டலில் கொடுக்கிற அட்டையையும் அப்படி வாசிக்கலாம் என்று அதுவரை தோன்றவில்லை. நமது சமூகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் வாணிபம், கல்வி, அரசியல், பள்ளிவாசல்கள், கலவரங்கள் பற்றியெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்நாட்டின் மற்றச் சமூகத்தவர்கள் நம்மை அதிகமாகச் சந்தித்த இடமான சாப்பாட்டுக் கடை பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு.

பட்டியலில் உள்ள சொற்கள்

முதலில் அந்தச் சொற்களையே பார்ப்போம். புரியாணி பாரசீகத்திலிருந்து இந்தியா வழியாக வந்த சொல். வறுத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. பராட்டா வட இந்தியச் சொல். நாசி கொரேங் மலாய் மொழி. நாசி என்றால் சோறு, கொரேங் என்றால் பொரித்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கு கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்களின் சமையல் நமது அடுப்பில் கலந்ததற்கு அது அடையாளம். சவர்மா துருக்கிச் சொல்லொன்றின் அரபு வடிவம். திருப்புதல் என்பது பொருள். மந்தி யெமனின் ஹழ்ரமௌத் பகுதியைச் சேர்ந்த உணவு.

வட்டிலப்பம் சுவையான ஒரு வழக்கு. மலாய்க்காரர்களிடமிருந்து வந்த பண்டம் என்பதைப் பொதுவாக எல்லோரும் ஏற்கிறார்கள். மலாய் உலகில் இதற்கு நெருங்கிய உறவான பண்டத்தை ஸ்ரீகாயா என்பார்கள். பெயருக்கு மட்டும் பல விளக்கங்கள். ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வட்டில் என்பது கிண்ணத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதால், வட்டிலில் அவித்த அப்பம் என்று நாம் பொருள் கொள்வதும் இயல்பே. அதில் சேர்கிற கித்துள் கருப்பட்டி சிங்களக் கிராமங்களிலிருந்து வருகிறது. தேங்காய்ப்பால் எல்லோருக்கும் பொது. பெருநாள் காலையில் நாம் நமது பண்டம் என்று பெருமையோடு அயல்வீட்டுக்கு அனுப்புகிற ஒரு கோப்பையில் மூன்று நான்கு சமூகங்களின் கை இருக்கிறது.

பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். நமது வீடுகளில் குழம்பை ஆணம் என்போம். என்னோடு படித்த யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுச் சிரித்தாள். அகராதியை எடுத்துக் காட்டினேன். ஆணம் குழம்பைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். மற்றவர்கள் பெரும்பாலும் மறந்ததை நமது உம்மாமார் அடுப்படியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஹோட்டல் பட்டியலிலும் ஆணம் என்று எழுதியதை நான் கண்டதில்லை. கறி, கிரேவி என்றுதான் எழுதுகிறார்கள்.

சேர்ந்து உண்டதற்கு ஒரு பழைய சான்று

1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். அவர் பத்தாலா என்று குறிப்பிடும் துறையைப் புத்தளம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கிருந்து பாவாத மலைக்குப் போகிற வழியில் கேட்ட ஒரு கதையை அவர் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். ஷீராஸ் நகரத்து ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் ஒரு கூட்டத்தோடு இந்தக் காட்டு வழியாக வந்தாராம். பசி தாங்காமல் கூட்டத்தார் ஒரு யானைக் குட்டியைப் பிடித்து அறுத்துச் சாப்பிட்டார்கள். ஷெய்கு வேண்டாமென்று தடுத்தார், தாமும் சாப்பிடவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோப்பம் பிடித்துக் கொன்றன. ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து இறக்கியது.

கதை எப்படியும் போகட்டும். அதன் பிறகு இப்னு பதூதா சொல்வதுதான் நமக்கு முக்கியம். அன்றிலிருந்து இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்துத் தமது வீடுகளில் தங்கவைத்து உணவும் கொடுக்கிறார்கள் என்கிறார். இந்தியாவில் தான் கண்டதற்கு இது நேர்மாறு என்றும் குறித்துவைக்கிறார். 14ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணி இந்தத் தீவைப் பற்றிக் கவனித்த விடயங்களில் ஒன்று, யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து ஹோட்டல் வரை

இந்நாட்டில் ஹோட்டல் என்றால் தங்குமிடம் மட்டுமல்ல. நாலு மேசை போட்டுச் சோறும் தேத்தண்ணியும் கொடுக்கிற கடையும் ஹோட்டல்தான். இந்தக் கடைகள் பெருகியது ஆங்கிலேயர் காலத்தில். 1867இல் கொழும்பு - கண்டி ரயில் பாதை திறக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களும் அவை நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் மலைநாட்டு நகரங்களை வளர்த்தன. கொழும்புத் துறைமுகம் பெருத்தது. வீட்டை விட்டு வெளியே வேலை செய்து, வெளியே சாப்பிட வேண்டிய ஆட்கள் பெருகினார்கள். ரயில் நிலையம், சந்தை, துறைமுகம், தோட்டத்து நகரம் என்று ஆட்கள் கூடிய இடங்களிலெல்லாம் நம்மவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோர முஸ்லிம்களும் கடை போட்டார்கள்.

அந்தப் போக்குவரவு ஒருவழியாக மட்டும் நடக்கவில்லை. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டலைத் தொடங்கிய ஏ. எம். புகாரி தமது இளமைக் காலத்தைக் கொழும்பில் கழித்தவர். சென்னைக்காரர்கள் பெருமைப்படுகிற அந்தப் பெயரின் பின்னால் நமது ஊர் அனுபவமும் கொஞ்சம் இருக்கிறது.

கடை என்றால் கண்ணில் படும். 1915இல் கம்பளைப் பெரஹராத் தகராறின் தொடர்ச்சியாக மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியபோது, கரையோர முஸ்லிம்களின் கடைகள் பெரும் இலக்காயின. முதலாம் உலக யுத்தக் காலத்தில் உணவுப் பொருட்களின் விலை ஏறியிருந்ததும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அரிசியையும் பருப்பையும் விற்கிறவன் கண்ணுக்குத் தெரிகிறான். விலை ஏறியதன் காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியிருந்தும் முஸ்லிம் ஹோட்டல் அழிந்துபோகவில்லை. ஏன்? எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. முதலாவது நேரம்: விடியற்காலை பஸ்ஸுக்கு முதலும் நள்ளிரவுப் படம் விட்ட பிறகும் திறந்திருக்கும். இரண்டாவது விலை: பிளேன்டீயும் பணிசும் கையில் சில்லறை மட்டும் உள்ளவனுக்கும் கிடைக்கும். மூன்றாவதுதான் ஆழமானது. நமது மேசையில் சாதி பார்க்கிற வழக்கம் இல்லை. வடக்கில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் ஒடுக்கப்பட்ட மக்கள் சமமாக நுழைய முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. தேநீர்க்கடைப் பிரவேசம் என்றே போராட்டங்கள் நடந்தன. உணவகத்தில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், எல்லோருக்கும் ஒரே கோப்பை, ஒரே வாங்கு என்ற ஒழுங்கு சின்ன விடயமல்ல. அதை நம்மவர்கள் புரட்சி என்று நினைத்துச் செய்யவில்லை. நமக்கு அது பழக்கம், அவ்வளவுதான்.

வாப்பாவின் கெஷியர் மேசை

என் வாப்பா பதினொரு வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கெஷியராக இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் சில காலம் அங்கேயே வேலை செய்து, மாதம் ஒருமுறை இரவு ரயிலில் ஊருக்கு வருவார். சிங்களம் தண்ணி பட்ட பாடு. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரை "நானா" என்றே கூப்பிடுவார்களாம். சிங்களவர், தமிழர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அவர் நானா. நமது வீட்டு உறவுச்சொல் கொழும்புத் தெருவின் பொதுச்சொல் ஆனதும் இந்தக் கடைகளால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1970களின் பஞ்சக் காலத்தை வாப்பா அடிக்கடி சொல்லுவார். இறக்குமதிக் கட்டுப்பாடு, பாணுக்கு வரிசை, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. வாரத்தில் சில நாட்களில் ஹோட்டல்களில் சோறு பரிமாறக் கூடாது என்றுகூட உத்தரவு இருந்தது. சோற்றுக் கடை சோறு போடாமல் எப்படிப் பிழைப்பது? கிழங்கு அவித்தார்கள். மாவு கிடைத்தால் ரொட்டி போட்டார்கள்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்து, 1980இல் திருகோணமலையில் பெரிய மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மாவு தாராளமாகக் கிடைத்தது. கொத்து ரொட்டி கிழக்கு மாகாணத்தில் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மட்டக்களப்பா, திருகோணமலையா, எங்கட பக்கமா என்ற சண்டையை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் நாடு முழுக்க அது பரவியதற்கும் மாவு தாராளமானதற்கும் தொடர்புண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீசிய ரொட்டி மிஞ்சினால் அடுத்த நாள் உதவாது. அதைக் கொத்தி, வெங்காயம், லீக்ஸ், கரட், கறிவேப்பிலை, முட்டை சேர்த்து, மேலே ஆணம் ஊற்றிச் சூடாகக் கொடுத்தால் ஒருவருக்கு முழு வயிறு. மிச்சத்தை வீணாக்காத மூளையிலிருந்து வந்த உணவு அது. இரண்டு தகடுகள் இரும்புக் கல்லில் விழுகிற அந்தச் சத்தம் இன்று இந்நாட்டின் இரவுச் சத்தம். கொத்துப் போடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளமுண்டு. எங்கட சந்தியில் அடிக்கிறவர் யாரென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பார்சல் சாப்பிட்ட தலைமுறை

நான் எண்பதுகளில் வளர்ந்த பிள்ளை. வாப்பா ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, சம்பள நாளில் கல்முனையிலிருந்து பார்சல் கொண்டுவருவார். வாழையிலை, அதற்கு மேல் பத்திரிகைத் தாள், அதற்கு மேல் சணல் நூல். அவிழ்க்கும்போதே வாசம் வீடு முழுக்கப் பரவும். நெய்ச்சோறா புரியாணியா என்று காக்காவும் நானும் பந்தயம் கட்டுவோம். உம்மா எல்லாவற்றையும் ஒரு பெரிய தட்டில் கொட்டி நடுவில் வைப்பார். நாங்கள் ஐந்து பேரும் சுற்றியிருந்து சாப்பிடுவோம்.

பின்னால்தான் ஒரு விடயம் உறைத்தது. அந்தச் சாப்பாடு வந்த கடைக்குள் நானோ உம்மாவோ ஒருநாளும் போனதில்லை. ஹோட்டல் ஆண்களின் இடம். அங்கே சமைத்ததும் ஆண்கள், பரிமாறியதும் ஆண்கள், உட்கார்ந்து அரசியல் பேசியதும் ஆண்கள். பொம்புளைகள் கடைக்கு வெளியே வேனிலோ பஸ்ஸிலோ இருக்க, தேத்தண்ணி கோப்பையில் வெளியே வரும். மூலையில் திரை போட்ட ஒரு மேசை சில கடைகளில் இருக்கும். அதில் இருந்து சாப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதன்முதலாக நான் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது. கண்டி நகரத்தில், தோழிகள் நால்வரோடு. இரண்டு பேர் முஸ்லிம்கள், ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மாத்தளைச் சிங்களப் பிள்ளை. கையில் இருந்த காசைச் சேர்த்து இரண்டு கோழிக் கொத்தும் ஐந்து கரண்டியும் கேட்டோம். பரிமாறிய வயதான நானா ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது தட்டில் வெறும் ரொட்டியும் ஆணமும் கொண்டுவந்து வைத்தார். "புள்ளைகள் படிக்கிறவங்க" என்று மட்டும் சொன்னார். காசு எடுக்கவில்லை. யுத்தக் காலம் அது. எங்கட ஐந்து பேரின் ஊர்களிலும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

யுத்தம் சாப்பாட்டுக் கடையையும் விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். வீடுகளோடும் பள்ளிவாசல்களோடும் சேர்ந்து, தமிழ் அயலவர்கள் வந்து சாப்பிட்ட கடைகளின் கதவுகளும் மூடுண்டன. இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, காணி, நகை என்று எழுதுகிறோம். ஒரு கடையில் தினமும் காலையில் சேர்ந்து தேத்தண்ணி குடித்த உறவு எந்தப் பட்டியலிலும் வராது.

நம்பிக்கை உடைந்த நாட்கள்

ஒருவர் தான் காணாத அடுப்பில், தான் அறியாத ஆள் சமைத்ததை வாயில் வைக்கிறார் என்றால் அதன் பெயர் நம்பிக்கை. ஹோட்டல் தொழிலின் முதல் முதலீடு அதுதான். அண்மைக் காலத்தில் தாக்கப்பட்டது அந்த முதலீடு.

2013 பெப்ரவரியில் மஹரகமயில் நடந்த பொதுபல சேனாவின் கூட்டத்தில் ஹலால் முறைமையை ஒழிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. அடுத்த மாதம், உள்நாட்டுச் சந்தையில் ஹலால் இலச்சினையைக் கட்டாயமாக்குவதில்லை என்ற முடிவுக்கு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வந்தது. பின்னர் அந்தச் சான்றிதழ் வேலை தனியான ஒரு சபையிடம் கைமாறியது. நம்முடைய உணவுச் சட்டம் மற்றவர்மேல் திணிக்கப்படும் சுமை என்று பலர் நம்பினார்கள். நாமும் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியில் சொல்லத் தவறினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் கறியில் கட்டியாக ஏதோ இருக்கக் கண்டு, அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார்கள். கூட்டம் கூடியது. கெஷியரைச் சுற்றி வளைத்து, போட்டாயா போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மிரட்டலுக்கு நடுவில் அவர் வாயிலிருந்து ஒப்புக்கொள்வது போன்ற ஒரு சொல் வந்தது. அதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து நாடெங்கும் அனுப்பினார்கள். அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்றே இல்லை என மருத்துவர்கள் சொன்னார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை, கட்டியாக இருந்தது மாப்பொருள்தான் என்றது. ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே, வேறொரு சம்பவத்தைத் தொட்டு, மார்ச் தொடக்கத்தில் திகன எரிந்துவிட்டது. அந்த ஒளிப்பதிவும் எரிந்த தீயில் ஒரு கொள்ளி. 2020இல் பேஸ்புக் நிறுவனம் தனது தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்கு மன்னிப்புக் கேட்டது.

அந்த ஒளிப்பதிவைப் பார்த்தபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அவரும் கெஷியர்தான். அவருக்குச் சிங்களம் தெரிந்திருந்தது. அவர் எதிரே நின்றவர்களுக்கு அவர் நானாவாக இருந்தார். அம்பாறைக் கெஷியருக்கு மொழியும் இருக்கவில்லை, உறவும் இருக்கவில்லை. இரண்டு கெஷியர்களுக்கும் இடையில் நாடு நடந்துவந்த தூரம் அது. வாப்பாவுக்கு அந்த ஒளிப்பதிவைக் காட்ட வேண்டாமென்று உம்மா சொன்னார். அவர் அதற்கு முன்பே பார்த்திருந்தார். "அந்தப் பொடியனுக்கு அவங்க கேட்டது விளங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

2019 உயிர்த்த ஞாயிறுப் பயங்கரத்துக்குப் பிறகு மே மாதத்தில் வடமேல், கம்பஹா பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. எரியாத இடங்களில் புறக்கணிப்பு. பல கடைகளில் மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. சிலர் பெயர்ப் பலகையை மாற்றினார்கள். 786 என்ற எண்ணை அழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதிய பழக்கங்கள்

இப்போது மகளின் பட்டியலுக்குத் திரும்புவோம். மந்தியும் சவர்மாவும் பழைய அரபு வணிகர்கள் விட்டுச்சென்றவை அல்ல. எழுபதுகளின் இறுதியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களின் நாக்கு வழியாக வந்தவை. நம் வீட்டுப் பெண்கள் அங்கே பிறர் வீட்டு அடுப்பில் வெந்து சம்பாதித்ததன் சுவையும் அதில் உண்டு. அன்று எங்கட மேசைக்கு வந்த மந்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டிறைச்சி விரலால் தொட்டதும் எலும்பை விட்டுக் கழன்றது. சோற்றில் ஏலமும் புகையும் மணத்தன. காரம் பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்றிருந்தது. தக்காளிச் சட்னி தொட்டதும் சரியாகிவிட்டது. மகன் சீஸ் கொத்து எடுத்தான். கொத்தின் உறைப்பைப் பால் ருசி அணைத்துவிடுகிறது என்பது என் கருத்து. அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

குடும்ப அறை வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். எழுபது கடந்த என் உம்மா வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஹோட்டல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்கு வேண்டியதைத் தானே சொல்லி வாங்கினார். அவர் கேட்டது வட்டிலப்பம். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "முட்டை காணாது, சீனி கலந்திருக்கான்" என்று தீர்ப்பும் சொன்னார். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே சமைத்துத் தொலைபேசி வழியாக விற்கிற பெண்களும் எங்கட ஊரில் பெருகிவிட்டார்கள். நூறு வருடம் ஆண்கள் கையில் இருந்த தொழிலுக்குள் பெண்கள் அடுப்படி வாசல் வழியாக நுழைகிறார்கள். இது வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய மாற்றம்.

கவலை தருவனவும் உண்டு. சிறிய கடைகள் மூடுகின்றன. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த ஏற்றத்தில் விழுந்த தேத்தண்ணிக் கடைகள் பல பின்னர் எழும்பவே இல்லை. பெரிய கடைகள் நின்றுபிடித்தன. நோன்பு காலத்தில் பெரிய ஹோட்டல்கள் இப்தாருக்கு நாற்பது ஐம்பது வகை பரப்பி வைக்கின்றன. பள்ளிவாசல் கஞ்சிக்குக் கோப்பையோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் அதே நகரத்தில்தான் இருக்கிறார்கள். தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போகிற சோற்றைப் பார்க்கும்போது, மிஞ்சிய ரொட்டியைக் கொத்தாக்கிய சமூகமா இது என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி சஹன். அரபில் தட்டு என்று பொருள். கல்யாணத்திலும் கந்தூரியிலும் ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றியிருந்து உண்பது நமது ஒழுங்கு. பக்கத்தில் யார் வந்து உட்காருவார் என்று தெரியாது. முதலாளிக்குப் பக்கத்தில் மீன்காரர், பிரின்சிபலுக்குப் பக்கத்தில் அவர் பாடசாலைக் காவலாளி. இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுகிற பண்பைப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழிக் கருத்தை மத்ரஸாவில் கேட்பதற்கு முன்பே சஹனில் கண்டுவிடுவோம். ஹோட்டல் சஹனில் உணவு இருக்கிறது. முழுக் கோழி, முட்டை, கட்டைச் சம்பல், அன்னாசி எல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் நாமே தெரிந்தெடுத்த ஆட்கள். அறியாத ஆளோடு தட்டைப் பகிர்கிற பகுதி மட்டும் விற்பனைக்கு வரவில்லை.

அதே மண்டபத்தில் இன்னொன்றையும் கண்டேன். பக்கத்து மேசையில் சீருடை போட்ட தாதியர் ஆறேழு பேர், சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும், ஒரு சஹனைச் சுற்றி இருந்து, எப்படிச் சாப்பிடுவதென்று பரிமாறுகிற பொடியனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். ஒரு பிள்ளை கோழித் துண்டைப் பிய்த்து மற்றவள் பக்கம் தள்ளியது. வீட்டுக்குள் இருந்த வழக்கம் கடைக்கு வந்தால் ஏதோ குறைகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மேசையைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எழுதி வைக்க வேண்டியவை

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் ஹோட்டல்களில் வேலை செய்தவர்கள் நமது ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ரொட்டி வீசியவர், கெஷியர், பண்டாரி, தேத்தண்ணி ஆத்தியவர். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்தக் கடை, எந்தச் சந்தி, என்ன விலை, யார் யார் வந்தார்கள், 1958இல் என்ன நடந்தது, 1983இல் யாரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள் என்று கேளுங்கள். பழைய விலைப் பலகை, பற்றுச்சீட்டு, கடை முகப்புப் படம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒப்படையாகவும் இதைக் கொடுக்கலாம். நான் இந்தத் தவணையில் கொடுத்திருக்கிறேன்.

நம்மைப் பற்றி ஒரு பொய்யான ஒளிப்பதிவு ஒரே இரவில் நாடு முழுக்கப் போனது. அதற்கு எதிரே வைப்பதற்கு, நாம் சேர்ந்து உண்ட கதைகள் எழுத்தில் இருக்க வேண்டாமா?

என் ஒப்படையை நானும் தொடங்கிவிட்டேன். வாப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் முதல் நாள் என்ன வேலை செய்தீர்கள் என்று உரக்கக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோப்பை கழுவினேன்" என்றார். அங்கிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.